நூற்று முப்பத்தொரு படிகள்

எங்கள் கலங்கரை விளக்கத்துக்கு நூற்று முப்பத்தொரு படிகள். பதினொரு வருடமாக, வருகிறவர்கள் எல்லாரிடமும் நான் இதைத்தான் சொல்லி வந்தேன். ஏறிவிட்டு இறங்கி வருகிறவர்களில் சிலர், "நூத்தி முப்பத்திமூணு வருதே" என்பார்கள். "மூச்சு வாங்கிக்கிட்டே எண்ணினா அப்படித்தான் வரும். உக்காருங்க, தண்ணி குடிங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். துண்டறிக்கையிலும் நூற்று முப்பத்தொன்று என்றுதான் அச்சடித்திருக்கிறோம். அச்சில் வந்த பிறகு என்ன பேச்சு?

"எங்கள்" என்கிறேனே தவிர, அது அரசாங்கத்துச் சொத்து. கரையிலிருந்து படகில் நாற்பது நிமிடம் போக வேண்டும். நடுக்கடலில் ஒரு கரும்பாறை, அதன்மேல் நூற்று நாற்பது வருடத்துக் கல் கோபுரம். கப்பல்களுக்கு வழிகாட்டும் வேலையை எப்போதோ வெளிக் கம்பியில் மாட்டிய ஒரு சின்ன சூரியசக்தி விளக்கு எடுத்துக்கொண்டுவிட்டது. உச்சியில் உள்ள பழைய விளக்கறையையும், அதன் நடுவில் ஆளுயரத்துக்கு நிற்கும் கண்ணாடி லென்ஸையும் கேட்பார் யாருமில்லை. பறவை எச்சமும் உப்புக்காற்றும்தான் அங்கே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. பதினொரு வருடத்துக்கு முன் நாங்கள் நான்கு பேர், பராமரிப்பு எங்கள் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்துச் சாவியை வாங்கினோம்.

குழுவுக்குத் தலைவர் என் நாத்தனார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டிலும் கணக்கு டீச்சர்தான். இரும்பு வேலையெல்லாம் ஒரு வெல்டருடையது. எதைக் கேட்டாலும் "பிரச்சினையில்லக்கா" என்பார், அதனால் அவருக்குப் பிரச்சினையில்லை என்றே பெயர் ஆகிவிட்டது. படகு என் வீட்டுக்காரருடையது. துறைமுகத்துக்குப் பின்தெருவில் தையல் கடை வைத்திருக்கும் நான் செயலாளர். செயலாளர் என்றால் மீதி இருக்கும் எல்லா வேலையும் என்று அர்த்தம்.

துரு சுரண்டினோம், சுண்ணாம்பு அடித்தோம், ஜன்னல்களுக்கு ரப்பர் பட்டை வைத்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் பார்வையாளர்களைக் கூட்டிவர ஆரம்பித்தோம். ஒரு தடவைக்குப் பன்னிரண்டு பேர்தான் மேலே போகலாம். பெரிய பைகளைக் கீழே வைத்துவிட வேண்டும். எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்று கீழே ஒருவர் கட்டாயம் எண்ண வேண்டும். இந்த விதிகளையெல்லாம் போட்டது நான். எண்ணுகிற ஆளும் நான்தான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடைசி விதியை நான் எனக்காகவே போட்டேன். திறப்பு நாளன்று எல்லாரோடும் நானும் ஏறினேன். சுழன்று சுழன்று போகும் இரும்புப் படிகள். அந்தக் காலத்தில் அழகுக்காக ஒவ்வொரு படியிலும் பூப்போல ஓட்டை போட்டு வார்த்திருக்கிறார்கள். பதினெட்டாவது படியில் தெரியாத்தனமாகக் குனிந்தேன். என் செருப்புக்கு அடியில், பூ ஓட்டைகள் வழியாக, கீழே கல்தரை தெரிந்தது. கண் இருட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முன்னால் போய்க்கொண்டிருந்த வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தபோது, "கீழ ஒரு ஆள் வேணாமா? எல்லாரும் மேல வந்தா யாரு எண்ணுறது?" என்று கத்திவிட்டு, உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக இறங்கினேன். சரி என்று தலையாட்டிவிட்டு அவர் ஏறிப்போனார். அதற்கப்புறம் பதினெட்டாவது படியைக்கூட நான் பார்த்ததில்லை. யாருக்கும் தெரியாமல் பதினொரு வருடம் ஓட்டிவிட்டேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஆனாலும் மேலே உள்ள அறையில் எனக்குத் தெரியாத அங்குலம் கிடையாது. சுற்றிலும் எட்டு ஜன்னல்கள், எட்டுக்கும் திரை தைத்தவள் நான். வீட்டுக்காரர் டேப்போடு போய் அளந்து வந்தார். பெயருக்குத்தான் ஒரே அளவு, எட்டும் எட்டு விதம். மூன்றாவது ஜன்னல் இரண்டாவதைவிட ஒரு விரல்கடை அகலம். ஆறாவது ஒரு பக்கம் சாய்ந்தது. அதனால் ஒவ்வொரு திரையின் ஓரத்திலும் சிவப்பு நூலால் எண் தைத்து வைத்தேன். அந்த அறையை நான் தைத்திருக்கிறேன், பார்த்ததில்லை.

திரை எதற்கு என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். லென்ஸ் ஒரு பெரிய பூதக்கண்ணாடி. உள்ளேயிருந்து வெளிச்சத்தைக் கடலுக்கு அனுப்பத் தெரிந்த கண்ணாடிக்கு, வெளியிலிருந்து வரும் வெயிலை உள்ளே ஒரே இடத்தில் குவிக்கவும் தெரியும். திரை இல்லாத விளக்கறையில் ஒரு காலை வெயில் போதும், மரம் பற்றிக்கொள்ளும். மேலே பலகைத் தரையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பழைய கருகல் இருக்கிறது. என்றைக்கோ ஒரு காவலர் திரையை மூட மறந்து தூங்கிப்போனதன் அடையாளம் என்று அதைப் பற்றி நான் கை காலெல்லாம் ஆட்டிக் கதை சொல்வேன். அதையும் பார்த்ததில்லை. வாசலில் சிவப்பு எழுத்தில் பலகை வைத்திருக்கிறேன்: "பகலில் ஒரு மணி நேரம்கூட லென்ஸ் திரையில்லாமல் இருக்கக் கூடாது."

இந்தப் பலகையை எழுதியவளே செய்த காரியத்தைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

போன மாதம் கலங்கரை விளக்கத் துறையிலிருந்து கடிதம் வந்தது. ஆய்வுக்குப் பெண் அதிகாரி ஒருவர் வருவார். எல்லாம் சரியாக இருந்தால் பொதுமக்கள் ஏற இன்னும் மூன்று வருடத்துக்கு அனுமதி. இல்லையென்றால் கோபுரத்தைப் பூட்டி, சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பூட்டிய கட்டடத்துக்கு என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும், அந்த எச்சத்தைச் சுரண்டியவர்கள் நாங்கள்தானே. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பிரச்சினையில்லை ஒவ்வொரு ஆணியையும் தட்டிப் பார்த்தார். நாத்தனார் கோப்பைத் தயார்செய்தாள். நான் திரைகளைப் பிடித்துக்கொண்டேன்.

திரையில் இரண்டு செட் உண்டு. ஒன்று தொங்கும்போது மற்றது மேலே மரப்பெட்டியில் இருக்கும். ஒன்றை இறக்கினால் மற்றதை மாட்டிவிட்டுத்தான் இறக்க வேண்டும். ஆனால் ஒரு செட்டில் மூன்று திரைகள் மஞ்சளித்திருந்தன, இன்னொன்றில் இரண்டில் தையல் விட்டிருந்தது. பதினாறையும் மொத்தமாக இறக்கித் துவைத்து, ஒவ்வொரு எண்ணிலும் நல்லதாகப் பொறுக்கி, எட்டும் ஒரே வெள்ளையாக மாட்டிவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். முந்தின நாள் மாலை வெயில் சாய்ந்ததும் இறக்கி, மறுநாள் காலை வெயில் ஏறுவதற்குள் மாட்டிவிடுவதாகத் திட்டம்.

"அண்ணி, ஒரு செட்டாவது மேல இருக்கட்டும்" என்றாள் நாத்தனார்.

"அந்தம்மா வந்து பாக்குறப்போ ஒண்ணு வெள்ளை, ஒண்ணு பழுப்புன்னு தொங்கட்டுமா? எனக்குத் துணியைப் பத்தி நீ சொல்லித் தராத."

"துணியைப் பத்திச் சொல்லல. சூரியனைப் பத்திச் சொல்றேன்."

"சூரியன் எங்க இருக்கு? ஒரு வாரமா மூஞ்சியே காட்டல."

படிகள் நூற்று முப்பத்து மூன்று என்று முதன்முதலில் சொன்னவளும் இவள்தான். திறப்பு நாளில் அண்ணன் ஒரு எண்ணிக்கை சொன்னார், தங்கை ஒன்று சொன்னாள். அவர் யாரோடோ பேசிக்கொண்டே எண்ணினார் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் கட்டின புருஷனை விட்டுவிட்டு நாத்தனார் பேச்சையா அச்சடிப்பது?

ராத்திரியோடு ராத்திரியாகத் துவைத்து, கடையில் மின்விசிறிகளை ஓடவிட்டுக் காயவைத்து, இஸ்திரி போட்டு, காலை ஏழு மணிக்குப் படகில் ஏற்றினேன். வானம் சாம்பல் நிறத்தில் மூடிக் கிடந்தது. ஒன்பதரைக்குத்தான் அதிகாரி கரைக்கு வருவார் என்று பேச்சு. நாங்கள் பாறையை நெருங்கும்போது, சிக்னல் போகிற இடத்துக்குச் சற்று முன்னால், வீட்டுக்காரரின் போன் அடித்தது. நாத்தனார்தான். அதிகாரி வந்து அரை மணி நேரமாகத் துறைமுகத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாராம்.

வீட்டுக்காரர் மூட்டையையும் நாற்காலிகளையும் பாறையில் இறக்கினார். மேலே அண்ணாந்து பார்த்தார். "எட்டையும் மாட்டி இறங்க முக்கால் மணி நேரம் ஆகும். என்ன பண்ணலாம்?"

"முதல்ல அவங்களைக் கூட்டிட்டு வாங்க. வந்த ஆளைக் காக்க வச்சா அதுலயே மார்க் போயிடும். மேகம்தான் இருக்கே, வந்து மாட்டிக்கலாம்."

"பரவாயில்லையா?"

"போங்கன்னா போங்க."

அவர் போனார். படகு சின்னதாகி மறைந்தது. நான் நாற்காலிகளைத் துடைத்தேன், ஃப்ளாஸ்க்கை நிழலில் வைத்தேன், வாசலைப் பெருக்கினேன். பெருக்கிக்கொண்டிருக்கும்போது என் கையில் இருந்த துடைப்பத்துக்கு நிழல் விழுந்தது.

கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த நிழலையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு நிமிர்ந்தேன். கிழக்கே மேகம் கிழிந்து, அதன் வழியாக வெயில் சுள்ளென்று அடித்தது. உச்சியில் விளக்கறை தகதகவென்று மின்னியது. அங்கே எட்டு ஜன்னலும் அம்மணமாக நின்றன. எட்டுத் திரைகளும் என் காலடியில் மூட்டையாகக் கிடந்தன.

போனை எடுத்தேன். பாறையில் சிக்னல் கிடையாது, மேலேதான் கிடைக்கும் என்று வருகிறவர்களிடம் நானே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! வீட்டுக்காரர் இந்நேரம் பாதி வழியில் இருப்பார். திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். லென்ஸுக்குள்ளே, பழைய விளக்கு இருந்த இடத்தில், பிரச்சினையில்லை ஒரு மரப்பீடம் வைத்திருந்தார். பக்கத்தில் மரப்பெட்டி, மர மேசை, பலகைத் தரை. எல்லாம் நூறு வருடக் காய்ச்சலில் சுள்ளியாகக் கிடப்பவை. எனக்குக் கை கால் ஓடவில்லை. சத்தம் போட்டு அழலாமா என்றுகூடத் தோன்றியது. கேட்க ஆள் இல்லாத இடத்தில் அழுது என்ன பயன்?

மூட்டையைப் பிரித்தேன். காலை வெயில் மூன்றாவது, நான்காவது ஜன்னல்களில் விழும். அந்த இரண்டு திரைகளை மட்டும் எடுத்தேன். கெட்டித் துணி, இரண்டுமே நல்ல கனம். மடித்து நெஞ்சோடு அணைத்தபோது அது முகவாய்வரை வந்தது. அப்போதுதான் கவனித்தேன். துணி மறைப்பதால் என் கால் எனக்குத் தெரியவில்லை. கால் தெரியாவிட்டால் ஓட்டையும் தெரியாது. இதைப் பதினொரு வருடத்துக்கு முன்பே கண்டுபிடித்திருக்கலாம்.

ஏறினேன். ஒரு தோளைச் சுவரில் உரசிக்கொண்டு, படியைக் காலால் தடவித் தடவி, சத்தமாக எண்ணிக்கொண்டு ஏறினேன். பதினெட்டு வந்தது. பதினெட்டு போனது. முப்பதில் ஒரு ஜன்னல், கண்ணை மூடிக்கொண்டு கடந்தேன். நாற்பதிலிருந்து திட்ட ஆரம்பித்தேன். சொன்ன நேரத்துக்கு முன்னால் வரும் அதிகாரியை, போ என்றதும் போய்விடும் புருஷனை, ஒரு வாரம் ஒளிந்திருந்துவிட்டு இன்றைக்குப் பார்த்து வரும் சூரியனை, வெள்ளைத் துணி வெள்ளைத் துணி என்று ஆடிய என்னை. கோபுரத்துக்குள் என் குரல் வட்டமடித்து மேலே போய், எனக்கே திரும்பி வந்தது. நாத்தனாரை மட்டும் திட்டவில்லை. திட்ட ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

எழுபத்து நான்கில் கால் நின்றுவிட்டது. உள்ளங்கை வியர்த்துத் துணியில் ஈரம் பட்டது. இதற்கு மேல் என்னால் முடியாது, இறங்கிவிடலாம் என்று நினைத்தேன். பயம் என்றால் அப்படி ஒரு பயம், ஐம்பத்து நான்கு வயதில் அம்மாவைக் கூப்பிட்டேன். ஆனால் இறங்க வேண்டுமானால் கீழே பார்க்க வேண்டும். ஏற மட்டும்தான் பார்க்கத் தேவையில்லை. வேறு வழியில்லாமல் எழுபத்தைந்தாவது படியில் காலை வைத்தேன்.

நூறுக்கு மேல் மூச்சு இரைந்தது. எண்ணிக்கையை மட்டும் விடவில்லை. நூற்று இருபது. நூற்று முப்பது. நூற்று முப்பத்தொன்று. அவ்வளவுதான், வந்துவிட்டோம் என்று அடுத்த காலைத் தரைமட்டத்துக்கு வீசினேன். கட்டைவிரல் இரும்பில் போய் இடித்தது. இன்னொரு படி. அதற்கு மேலே இன்னும் ஒன்று.

பயமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை, எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. பதினொரு வருடம்! எத்தனை பேரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்திருக்கிறேன்! நூற்று முப்பத்து மூன்றாவது படியை ஓங்கி ஒரு மிதி மிதித்துவிட்டு விளக்கறைக்குள் நுழைந்தேன்.

லென்ஸ் அங்கே நின்றது. வளையம் வளையமாகக் கண்ணாடி, அடுக்கு மேல் அடுக்காக, என்னைவிட உயரமாக. சுவரெல்லாம், கூரையெல்லாம், என் கைமேலெல்லாம் வண்ணத் துண்டுகள் சிதறிக் கிடந்தன. அழகு என்று வாயைப் பிளக்க நேரமில்லை. உள்ளேயிருந்து கருகல் வாடை வந்தது. மரப்பீடத்தின்மேல் ஊசிமுனையாக ஒரு வெளிச்சப் புள்ளி, அதிலிருந்து நூல் பிரிந்தாற்போல் மெல்லிய புகை.

கொக்கி எங்கே என்று நான் தேட வேண்டியிருக்கவில்லை. முக்காலி நாலாவது ஜன்னலுக்குக் கீழே இருக்கும், நான்தான் வாங்கி அனுப்பினேன். ஏறி நின்று மூன்றாம் எண் திரையின் ஒன்பது வளையங்களையும் கோத்தேன். வெளியே பார்க்கவில்லை, வளையங்களை மட்டும் பார்த்தேன். திரை விழுந்தது. புள்ளி அணைந்தது. நாலாவதையும் மாட்டினேன். லென்ஸின் பக்கத்தில் உள்ள சின்னக் கதவைத் திறந்து, விரலை எச்சில் தொட்டுப் பீடத்தில் வைத்தேன். இஸ்திரிப்பெட்டியைத் தொட்டுத் தொட்டுக் காய்த்துப்போன விரல். உஸ் என்றது, புகை நின்றது. மிளகளவுக்கு ஒரு கருப்பு.

அதற்குப் பிறகுதான் தரையில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷ அழுகைதான். அழுது முடித்துவிட்டுப் பார்த்தால், இரண்டு திரைகளும் ஜன்னலின் அடிக்கட்டையில் சரியாக வந்து உட்கார்ந்திருந்தன. ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. என் அளவு என் அளவுதான்.

பழைய கருகலையும் கண்டுபிடித்தேன். நான் கதையில் சொல்வதைவிடச் சின்னது.

போனில் சிக்னல் நாலு கோடும் இருந்தது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். பின்னால் படகின் இரைச்சல் கேட்டது.

"நான் மேல இருக்கேன்" என்றேன்.

"மேலன்னா? எங்க மேல?"

"மேலன்னா மேல. திரை மாட்டிட்டேன். ரெண்டு."

என்ஜின் சத்தம் திடீரென்று ஏறியது மட்டும் கேட்டது.

அவர்கள் வரும்வரை மெல்ல மெல்ல வெளியே பார்க்கப் பழகினேன். முதலில் அடிவானம், பிறகு தூரத்து அலை. கடைசியில் எங்கள் படகு தெரிந்தது. அதன் கூரையில் பச்சைச் சாயம் உரிந்து ஒரு பெரிய திட்டு இருந்தது. இருபது வருடமாக அந்தப் படகில் போய்வருகிறேன், அதன் தலையை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

முதலில் மூச்சு வாங்க வந்தவர் வீட்டுக்காரர். மீதித் திரைகள் அவர் தோளில் இருந்தன. என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார். "கால் வலிக்குதா?" என்று மட்டும் கேட்டார். பின்னால் அதிகாரியும், கோப்போடு நாத்தனாரும், பிரச்சினையில்லையும் வந்தார்கள். அதிகாரி என்னைவிட இளையவர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ரகம். கதவு திறந்திருந்த லென்ஸுக்குள் நேராகத் தலையை நீட்டினார்.

"இது புதுசா கருகியிருக்கே?"

நாத்தனார் என்னைப் பார்த்தாள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், காலத்துக்கும் எனக்குத் தலை நிமிராது. அவள் குனிந்து கோப்பைப் புரட்ட ஆரம்பித்தாள்.

"என் தப்புதான் மேடம்" என்றேன். "ரெண்டு செட்டையும் ஒண்ணாக் கீழ இறக்கச் சொன்னது நான். இவ வேணாம்னுதான் சொன்னா. நான் கேக்கல. மேகம் விலகினதும் ஓடி வந்து மாட்டினேன். அதுக்குள்ள இவ்வளவு ஆயிடுச்சு."

அதிகாரி பையிலிருந்து அளவுகோலை எடுத்துக் கருப்பை அளந்தார். திரையின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தார், சிவப்பு எண்ணைத் தடவிப் பார்த்தார். "வெயில் வந்து எவ்வளவு நேரத்துல மாட்டினீங்க?"

"ஏறி வர்ற நேரம்தான். கால் மணி நேரம்னு வைங்க. நடுவுல கொஞ்சம் நின்னேன்."

"யாரும் கவனிக்காம விட்டிருந்தா இந்நேரம் தரை போயிருக்கும்" என்றார். கோப்பை வாங்கி நின்றுகொண்டே எழுதினார். நாங்கள் நான்கு பேரும் பரீட்சைத் தாள் வாங்கும் பிள்ளைகள்போல் வரிசையாக நின்றோம். "உள்ள இருக்கற பீடத்தை எடுத்துட்டு உலோகத்துல வைங்க."

"பிரச்சினையில்ல மேடம்."

"ஒரு செட் எப்பவும் மேல இருக்கணும். அதை விதியா எழுதி எனக்கு அனுப்புங்க. மூணு வருஷத்துக்கு அனுமதி போட்டிருக்கேன்."

பிரச்சினையில்லை சந்தோஷத்தில் கைதட்டியே விட்டார். நாத்தனார் என் தோளில் கை வைத்து, "திரை எல்லாம் பளிச்சுனு இருக்கு அண்ணி" என்றாள். கிண்டலா, நிஜமா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

மேசைமேல் வருகைப் புத்தகம் இருந்தது. ஏறி வந்தவர்கள் தேதி, பெயர், தொழில், கருத்து எழுதும் புத்தகம். நிறைந்ததும் வீட்டுக்காரர் கீழே கொண்டுவருவார், நான் கடையில் அலமாரியில் அடுக்கி வைப்பேன். இதுவரை எட்டுப் புத்தகம். எட்டிலும் முதல் பக்கத்து முதல் வரி காலியாகவே இருக்கும். "ஏங்க ஒரு வரியை வீணாக்குறீங்க?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பேன். "பேனா எழுதுதான்னு பாக்க விட்டது" என்பார். பேனா எழுதிப் பார்த்த கீறலும் அங்கே இருக்காது. இது ஒன்பதாவது புத்தகம், ஆய்வுக்காகப் புதிதாக வைத்தது. அதிகாரி பேனாவைத் திறந்து முதல் வரியில் வைக்கப் போனார்.

"மேடம்" என்றார் வீட்டுக்காரர். "தப்பா நெனைக்காதீங்க. ரெண்டாவது வரில போடுங்க. அந்த வரிக்கு ஆள் இருக்கு."

"யாரு?"

அவர் ஜன்னல் வழியே கடலைப் பார்த்தார். காது மட்டும் சிவந்துபோயிருந்தது. பிரச்சினையில்லை தன் செருப்பைப் பார்த்தார்.

"பதினொரு வருஷமா எல்லாப் புத்தகத்துலயும் இதே கூத்துதான் மேடம்" என்றாள் நாத்தனார். "யாரையும் எழுத விடமாட்டார். 'ஒரு நாள் ஏறி வருவா, வர்றப்போ கடைசி ஆளா எழுதக் கூடாது'ம்பார்."

ஆக எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. பதினெட்டாவது படியில் நான் உட்கார்ந்ததிலிருந்து தெரிந்திருக்கிறது. நான் போட்ட விதிகளுக்கெல்லாம் மூன்று பேரும் தலையாட்டி, கீழே எண்ணுவதற்கு ஆள் ரொம்ப அவசியம் என்று கூட்டக் குறிப்பிலும் எழுதி, பதினொரு வருடம் மூச்சு விடாமல் இருந்திருக்கிறார்கள். என்னை இப்படி ஏமாற்றியதற்கு எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இப்படிப்பட்ட மனிதரை முப்பத்து நான்கு படி திட்டியிருக்கிறேன்.

அதிகாரி இரண்டாவது வரியில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினார்.

"முதல்ல எப்படி இறங்கப் போறேன்னு சொல்லுங்க" என்றேன் வீட்டுக்காரரிடம்.

"நான் முன்னாடி போறேன். என் முதுகைப் பாத்துக்கிட்டே வா. வேற எதையும் பாக்காத."

சரி என்று மேசைக்கு முன் உட்கார்ந்தேன். தேதி எழுதினேன். பெயர் எழுதினேன். தொழில் என்ற இடத்தில் தையல் என்று எழுதினேன். கருத்து என்ற கட்டத்துக்கு வந்ததும் கொஞ்சம் யோசித்தேன். தோளுக்கு மேலே நாத்தனார் எட்டிப் பார்ப்பது தெரிந்தது. பார்க்கட்டும் என்று, அவளுக்கும் தெளிவாகத் தெரியும்படி கொட்டை எழுத்தில் எழுதினேன்:

"படிகள் நூற்று முப்பத்து மூன்று. கீழே நிற்கும் அம்மா தவறாகச் சொல்கிறார்."